வள்ளம் ஏன் பக்கவாட்டில் போகிறது?

மக்களே, நம் குழித்துறைத் தாமிரபரணி ஆற்றை வைத்து ஒரு செல்போன் விளையாட்டு செய்வோமா? திருநெல்வேலித் தாமிரபரணி வேறு, நம் தாமிரபரணி வேறு. கோதையாறும் பறளியாறும் சேர்ந்து, குழித்துறை வழியாக ஓடி, தேங்காப்பட்டணத்தில் அரபிக் கடலில் கலக்கிறதே, அந்த ஆறு. திரையில் ஆற்றை வரைந்து ஒரு வள்ளத்தின் படத்தை வையுங்கள். பொத்தானை அழுத்தினால் வள்ளம் திரும்ப வேண்டும். அதன் அணியம், அதாவது முன்முனை, எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் ஓட வேண்டும்.

முதல் தடவை செய்கிற பலருக்கும் வள்ளம் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் போகும். அணியம் எது, பின்முனையான அமரம் எது என்று செல்போனுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தவை இரண்டே எண்கள்: படம் இடது ஓரத்திலிருந்து எத்தனை புள்ளி தள்ளி இருக்கிறது, மேல் ஓரத்திலிருந்து எத்தனை புள்ளி கீழே இருக்கிறது. ஆகவே சாய்வாக வைக்கும் ஒவ்வொரு எட்டையும் ‘இவ்வளவு வலப்பக்கம், இவ்வளவு மேலே’ என்று நாம்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

வள்ளம் வலப்பக்கத்திலிருந்து 37 டிகிரி மேல் நோக்கித் திரும்பி நிற்கிறது, 10 புள்ளி நகர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வலப்பக்கம் 10, மேலே 10 என்று கொடுத்தால் என்ன ஆகும்? 45 டிகிரியில் போய்விடும். அதோடு 14 புள்ளிக்கு மேல் தாவிவிடும். சரியான கணக்கு இது: 10-ஐ 37 டிகிரியின் கொசைனால் பெருக்கினால் ஏறக்குறைய 8, அது வலப்பக்கம். சைனால் பெருக்கினால் ஏறக்குறைய 6, அது மேலே. 8-இன் வர்க்கம் 64, 6-இன் வர்க்கம் 36, கூட்டினால் 100. அது 10-இன் வர்க்கம். வள்ளம் சரியாக 10 புள்ளிதான் நகர்ந்திருக்கிறது!

இந்தக் கணக்கின் வேர் நம் நாட்டிலேயே இருக்கிறது. கி.பி. 499-இல் ஆரியபட்டர் சைன் மதிப்புகளுக்கு ஒரு வாய்ப்பாடு தந்தார். 3438 ஆரமுள்ள வட்டத்தில் 30 டிகிரிக்கு அவர் தரும் மதிப்பு 1719, சரிபாதி. இன்று கால்குலேட்டரில் 30 டிகிரிக்கு வரும் 0.5-உம் அதுதான். நமக்கு வடக்கே கேரளத்தில், 14-ஆம் நூற்றாண்டில் சங்கமகிராம மாதவர் இந்த மதிப்புகளை இன்னும் நுட்பமாகக் கணக்கிட்டார். கோள்களின் பாதையை அறிய அவர்கள் போட்ட கணக்கு இன்று நம் வள்ளத்தை ஓட்டுகிறது. எனக்கு இது பெரிய அதிசயமாகப் படுகிறது.

மூன்று இடங்களில் கவனம் வேண்டும். செல்போன் திரையில் மேலிருந்து கீழே போகப்போக எண் கூடும். அதனால் மேலே போக 6-ஐக் கழிக்க வேண்டும். அடுத்தது, படத்தை வரையும்போதே அணியம் வலப்பக்கம் பார்க்கட்டும். மேலே பார்க்கும்படி வரைந்துவிட்டால் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் வள்ளம் 90 டிகிரி கோணலாகவே ஓடும். மூன்றாவதுதான் பலரையும் ஏமாற்றுவது: தசமத்தை வெட்டி எறியாதீர்கள். 30 டிகிரியில் ஒவ்வொரு புள்ளியாக நகர்ந்தால் வலப்பக்கம் 0.87, மேலே 0.5. தசமத்தை வெட்டினால் இரண்டும் பூஜ்யம். வள்ளம் நின்ற இடத்திலேயே நிற்கும்.

செல்போன் செயலி செய்ய உதவும் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் ஆப் இன்வென்டரில் இமேஜ் ஸ்பிரைட் என்ற ஒன்று உண்டு. திசையையும் வேகத்தையும் கொடுத்தால் இந்தக் கணக்கை அதுவே போட்டுக்கொள்ளும். அங்கே 0 டிகிரி வலப்பக்கம், 90 மேலே. ஸ்கிராட்ச் என்ற நிரல் மொழியில் 0 மேலே, 90 வலப்பக்கம். இரண்டையும் பழகுகிறவர்கள் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனாலும் ஒரு தடவையாவது கணக்கை நீங்களே போட்டு ஓட்டிப் பாருங்கள்.

தேங்காப்பட்டணம் நமக்குத் தென்மேற்கே இருக்கிறது. வலப்பக்கத்தை 0 என்று வைத்து வள்ளத்தை 225 டிகிரிக்குத் திருப்பி 10 புள்ளி நகர்த்துங்கள். இடப்பக்கம் எத்தனை, கீழே எத்தனை? இரண்டும் ஏறக்குறைய 7 வந்தால் உங்கள் கணக்கு சரி.