தன் படகில் கடலோடி விரும்புவது எது?

மகாராஷ்டிர மாநிலத்தில், தாணே உப்பங்கழியின் கிழக்குக் கரையில் ஐரோலி அமைந்துள்ளது. கழிக்கு மேற்கே மும்பை மாநகர். கிழக்கே 1960-களில் உருப்பெறத் தொடங்கிய தாணே–பேலாப்பூர் தொழிற்பகுதி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நீரில் கோலி மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படகு செலுத்தி வந்துள்ளனர். ஓதம் வற்றும்போது இங்கு நீர் விலகி, அலையாத்திக் காடுகளின் ஓரமாகப் பரந்த சேற்றுவெளி தலைகாட்டுகிறது. நேரம் தவறிய படகு சேற்றில் அமர்ந்துவிடும். அடுத்த ஓதம் வந்து தூக்கும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இத்தகைய நீரில் படகோட்டி தன் படகிடம் முதலில் எதிர்பார்ப்பது வேகத்தை அன்று. முழங்காலளவு நீரிலும் அது மிதக்க வேண்டும். சேற்றில் அமர்ந்தால் ஒருபுறம் சாய்ந்துவிடாமல் நிற்க வேண்டும். இரண்டொருவர் இறங்கித் தள்ளினால் நகர வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை எளிய பண்புகளாகத் தோன்றலாம். படகுக்கு உரியவருக்கோ அன்றாடம் வீடு திரும்புவது இவற்றையே பொறுத்திருக்கிறது.

கடலோடிகள் தம் படகில் மிகவும் விரும்புவது எது என்ற கேள்விக்கு, அவர்களுடைய நீரையும் கரையையும் அறியாமல் விடை காண இயலாது. சோழமண்டலக் கரை இதற்குத் தக்க சான்றாகும். அக்கரையில் இயற்கைத் துறைமுகங்கள் அரிது. மணற்கரையை ஒட்டியே அலைகள் உடைந்து விழுகின்றன. கடலுக்குள் செல்வதிலும் கரை சேர்வதிலும் மிகவும் ஆபத்தான இடம் கரையிலிருந்து சில நூறு அடி தூரமே. அந்தத் தூரத்தை வெல்வதற்காகப் பிறந்தது கட்டுமரம்.

எடை குறைந்த மரத்துண்டுகளை வரிசையாக வைத்துக் கயிற்றால் பிணைத்தால் அது கட்டுமரம். அதற்கு உட்குழிவு கிடையாது. ஆகவே நீர் நிரம்பி மூழ்கவும் வழியில்லை. மேலே விழும் அலை மரங்களின் இடைவெளி வழியே வடிந்துவிடுகிறது. கவிழ்ந்தாலும் மீண்டும் நிமிர்த்தி ஏறிக்கொள்ளலாம். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் உலர்த்துவர். ஏனெனில் நீர் ஊறிய மரம் கனத்துவிடும். மறுநாள் மீண்டும் கட்ட வேண்டும். அன்றாடம் தன் கையாலேயே அவிழ்த்துக் கட்டும் கலத்தின் ஒவ்வொரு முடிச்சையும் மீனவர் அறிவார். பழுது பார்க்க எந்தப் பட்டறைக்கும் அவர் செல்ல வேண்டியதில்லை. (கட்டுமரம் என்ற சொல் ஆங்கிலத்தில் புகுந்தபின் இரட்டை உடல் கொண்ட பாய்ப்படகுகளையும் குறிக்கலாயிற்று. அந்தக் கலங்களுக்கும் நம் கட்டுமரத்திற்கும் அமைப்பில் ஒற்றுமை குறைவு.)

இதே கரையின் மசூலாப் படகும் அத்தகையதே. அதன் பலகைகள் ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்டவை. அலை தாக்கும்போது ஆணியடித்த படகு பிளக்கக்கூடும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். சென்னைத் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், ஆழ்நீரில் நின்ற கப்பல்களிலிருந்து பயணிகளும் சரக்கும் கரை சேர்ந்தது இப்படகுகளில்தான்.

சுதந்திரத்திற்குப் பின் மீன்வள வளர்ச்சித் திட்டங்கள் இயந்திரப் படகுகளுக்கு முதன்மை அளித்தன. 1952-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி கேரளத்தில் தொடங்கிய இந்திய–நார்வே திட்டம் இவ்வகையில் ஒரு முன்னோடி. உற்பத்தி உயர்ந்தது, ஏற்றுமதி பெருகியது, இவை மறுக்க முடியாத பயன்கள். ஆனால் கனத்த இயந்திரப் படகுக்குத் துறைமுகம் தேவை. அதில் வேலைக்குச் சென்றவர் தம் ஊர்க் கரையில் இறங்க இயலாமற் போயிற்று. கரையில் காத்திருந்து மீனை வாங்கித் தலைச்சுமையாக எடுத்துச் சென்று விற்ற பெண்களின் தொழிலும் இதனால் நலிந்தது. ‘என் படகு என் வீட்டு வாசலில் ஏறும்’ என்பது வெறும் பெருமைப் பேச்சன்று, ஒரு குடும்பத்தின் பொருளாதாரமும் அதில் அடங்கியிருந்தது என்பதைத் திட்டமிட்டவர்கள் காலந்தாழ்ந்தே உணர்ந்தனர் எனலாம்.

உணர்ந்தபின் முயற்சிகள் பிறந்தன. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், மணற்கரையில் ஏறக்கூடிய இயந்திரப் படகுகளை வடிவமைப்பதில் ஈடுபட்டது. கரையை நெருங்கும்போது சுழலியை மேலே தூக்கிவிடும் அமைப்பு அவற்றில் இடம்பெற்றது. குமரி மாவட்டத்தின் முட்டத்திலோ ஒட்டுப்பலகைப் படகு உருவாயிற்று. நல்ல மரம் கிடைப்பது அரிதாகி விலை ஏறிய காலத்தில், வெளிப்பொருத்து இயந்திரத்தை ஏற்று, அலையைக் கடந்து, கரையிலும் ஏற வல்ல இப்படகை மீனவர்கள் விரும்பி ஏற்றனர். பழையதில் தாம் மதித்தவற்றை அவர்கள் புதியதிலும் தேடினர். கிடைத்த இடத்தில் மாற்றத்திற்குத் தயங்கவில்லை. மீனவர் புதுமையை வெறுப்பவர் என்று அலுவலகங்களில் கூறப்பட்டுவந்த குற்றச்சாட்டு எவ்வளவு மேலோட்டமானது என்பது இதனால் விளங்கும்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான கலங்கள் அழிந்தன. ஏற்கெனவே பரவத் தொடங்கியிருந்த கண்ணாடியிழைப் படகுகள் நிவாரணத்தின் வழியாக மேலும் பெருகின. பல ஊர்களில் கட்டுமரம் அருகிற்று. கண்ணாடியிழைப் படகு விரைவானது, கூடுதல் சுமை தாங்குவது. ஆனால் இயந்திரத்திற்கு எரிபொருள் வேண்டும். ஓடு பிளந்தால் கயிறு மட்டும் போதாது. பிடித்த மீனின் விலையில் ஒரு பங்கு கரையேறுமுன்பே செலவாகிவிடுகிறது.

ஐரோலியிலும் படகின் பணி மாறி வருகிறது. தொழிற்சாலைக் கழிவும் நகரக் கழிவுநீரும் கழியில் மீன்வளத்தைக் குறைத்துள்ளன. மறுபுறம், சேற்றுவெளியில் இரை தேடும் பூநாரைகள் பெருந்திரளாக வருவதால் 2015-இல் தாணே கழியின் ஒரு பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. பறவைகளைக் காண வருவோரை ஏற்றிச் செல்லும் படகுகள் ஐரோலிக் கரையிலிருந்து புறப்படுகின்றன. பயணியர் விரும்புவது அகன்ற இருக்கையையும் ஆடாத தளத்தையும். ஓட்டுபவரின் கண்ணோ முன்போலவே நீர்மட்டத்தின் மீது உள்ளது. ஓதம் ஏறும் நேரத்தைக் கணக்கிட்டே புறப்பாடு குறிக்கப்படுகிறது. ஆவணி அவிட்டத்தை ஒட்டி வரும் நாரளி பௌர்ணமியன்று கோலி மக்கள் கடலுக்குத் தேங்காய் படைத்து, படகுகளை அலங்கரித்து வணங்கிய பின்னரே பருவத்தின் மீன்பிடியைத் தொடங்குகின்றனர்.