உருக்கின் பதமும் பற்றவைப்பின் அபாயமும்

தேய்ந்துபோன துப்பாக்கி உறுப்பொன்றை வீட்டிலேயே பற்றவைத்துச் செப்பனிட எண்ணுகிறவர், குறைந்துபோன உலோகத்தைச் சேர்த்து அரத்தால் ராவிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால் காரியம் பூர்த்தியாயிற்று என்று கருதுவது இயல்பே. ஆயினும் அவ்வுறுப்பின் பலம், உருக்கைச் சுட்டுத் தோய்த்துப் பதப்படுத்தியபோது அதனுள்ளே விளைந்த நுண்ணிய அமைப்பைப் பொறுத்தது என்பதற்கு அமெரிக்க நாட்டில் நேர்ந்த ஒரு விபரீதம் சாட்சி பகரும்.

மாசசூசெட்ஸிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் தயாரான 1903-ஆம் ஆண்டு மாதிரி ரைபிள்களுக்கு, வெடியின் அழுத்தத்தை ஏற்கும் ரிஸீவர் என்னும் உறுப்பைப் பதப்படுத்திய தொழிலாளிகள், உலையில் பழுத்த உருக்கின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே உஷ்ணத்தை நிர்ணயித்து வந்தார்கள். அவர்கள் அனுபவசாலிகளே, ஆனால் சூரியப் பிரகாசம் மிகுந்த நாளில் தழலின் நிறம் மங்கித் தோன்றுமாதலால், போதிய சூடு ஏறவில்லையென்று எண்ணி மேலும் காய்ச்சிவிட்டார்கள். 1917-இல் சில ரிஸீவர்கள் சுடும்போதே சிதறிப்போக, பைரோமீட்டர் என்னும் உஷ்ணமானியைக் கொண்டு சோதித்ததில், மேகமூட்டமான நாளைக் காட்டிலும் வெயில் மிகுந்த நாளில் சூடு 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை மிகுந்திருந்தது புலனாயிற்று. 1918-இல், ஏறத்தாழ 8,00,000 என்ற வரிசை எண்ணிலிருந்து, இருமுறை பதப்படுத்தும் புதிய முறை அனுசரிக்கப்பட்டது. பழைய ரிஸீவர்களை மறுபடி பதப்படுத்திச் சீராக்க முயன்றதோ தக்க பலனளிக்கவில்லை.

ஆயுதச்சாலையிலேயே இவ்வாறு நேர்ந்ததென்றால், வீட்டுப் பட்டறையின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. பற்றவைக்கும் இடத்தில் உருக்கு சுமார் 1,500 டிகிரி சென்டிகிரேடில் உருகுகிறது. அதனை ஒட்டிய பாகம் செக்கச்சிவந்து, சுற்றியுள்ள குளிர்ந்த உலோகத்தால் சட்டென்று ஆறுவதால், கரிச்சத்து மிகுந்த உருக்காயின் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையை அடைகிறது. சற்று அப்பாலுள்ள பாகமோ பழைய கடினத்தை இழந்து இளகிவிடுகிறது. மேற்பரப்பு மட்டும் கடினமாக்கப்பட்ட உறுப்புகளில், அந்த மெல்லிய படலமே பற்றவைத்த இடத்தில் அழிந்தொழிகிறது. இவ்வளவு சேதத்தையும் அரமும் மெருகும் மறைத்துவிடுவதால், பார்வைக்குப் புதியதாய் விளங்கும் உறுப்பு, சுடுகிறவர் முகத்தருகே வெடிக்கவும் கூடும்.

ஆகையால், தேய்ந்த உறுப்பை நீக்கிப் புதியதைப் பொருத்துவதே உத்தமம். அது கிடைக்காதபோது, உஷ்ணத்தை அளந்து பதப்படுத்தவும் கடினத்தைச் சோதிக்கவும் கருவிகள் உடைய, உரிமம் பெற்ற நிபுணரிடமே அப்பணியை ஒப்படைக்க வேண்டும். அந்த வசதியும் இல்லையெனில், அத்துப்பாக்கியால் இனிச் சுடாமலிருப்பதே உயிருக்குப் பாதுகாப்பாகும்.