கோப்புறைச் சின்னம்

செட்டிகுளம் மலைமீது எழுந்தருளியுள்ள முருகப்பெருமான் கையில் கரும்பேந்தி நிற்கின்றார். எழுத்தறியாதாரும் அக்கரும்பைக் கண்டே இன்ன தலத்துப் பெருமான் என்பர். கணினித் திரையிலோ, 1981ஆம் ஆண்டு செராக்ஸ் ஸ்டார் கணினியில் தோன்றிய கோப்புறை வடிவமே, இன்றும் ஒரே அச்சில் வார்த்தாற்போல் வரிசையாய் நிற்கின்றது. யான் ஒருநாள் பழைய வெங்காயக் கணக்கென மயங்கி, பல்லாண்டு தொகுத்த வட்டாரச் சொற்குறிப்புகளை அழித்துவிட்டேன்! மறுசுழற்சித் தொட்டியில் கிடந்தமையால் அவை பிழைத்தன.

மாணவர்களே, விண்டோஸ் கணினியில் கோப்புறைமீது சுட்டியின் வலப்பொத்தானை அழுத்திப் பண்புகளைத் திறந்து, தனிப்பயனாக்கும் பக்கத்தில் வேறு சின்னம் தெரிந்துகொள்ளலாம். என் சொற்குறிப்புகளுக்கு யான் சூட்டியது கரும்பே. கோப்புறையினுள் மறைந்துறையும் டெஸ்க்டாப்.ஐஎன்ஐ என்னும் சிறு கோப்பு, அப்படம் இருக்கும் இடத்தை மட்டும் குறித்துவைக்கும். ஆதலின் படத்தை அழித்தால் சின்னம் மறையும்; உள்ளிருக்கும் குறிப்புகளுக்கு ஊறு நேராது.