கிருமிகளும் கூட்டம் போடும்!



செம்பனை முள் குத்தாத கை நம்மில் யாருக்கு இருக்கிறது? உளி பட்டுக் கீறாத விரல் எந்தப் பால்வெட்டுக்காரருக்கு இருக்கிறது? "சின்னக் காயந்தானே, தானா ஆறிடும்" என்று துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கிறோம். பல காயங்கள் அப்படியே ஆறியும் விடுகின்றன. ஆனால் சில காயங்கள் இரண்டு மூன்று நாள் சும்மா இருந்துவிட்டு, திடீரென்று வீங்கிச் சீழ் பிடிக்கின்றன. அந்த இரண்டு மூன்று நாளும் கிருமிகள் என்ன செய்துகொண்டிருந்தன?

பல வகைக் கிருமிகள் அப்போது ஆள் சேர்த்துக்கொண்டிருக்கும்!

நம் கிளைக் கூட்டத்துக்குக் குறிப்பிட்ட அளவு உறுப்பினர்கள் வந்தாக வேண்டும். அதைத்தான் 'கோரம்' என்கிறோம். கோரம் சேராவிட்டால் தீர்மானம் எதுவும் போட முடியாது. கிருமிகளுக்கும் இதே சட்டந்தான் என்றால் நம்புவீர்களா?

கிருமிக்கு வாயும் இல்லை, காதும் இல்லை. ஒவ்வொரு கிருமியும் ஒரு ரசாயனப் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது. அதுதான் அதன் பேச்சு. நாலு கிருமி மட்டும் இருந்தால் அந்தப் பொருள் கரைந்து போய்விடும். கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகினால் பொருளும் அடர்ந்து தேங்கும். உடனே "ஆள் சேர்ந்தாச்சு, ஆரம்பிக்கலாம்" என்று எல்லாக் கிருமிகளும் ஒரே நேரத்தில் வேலையில் இறங்குகின்றன, நஞ்சைக் கக்குகின்றன. கழுவாத தண்ணீர்த் தொட்டியின் உள்பக்கம் வழவழவென்று படிகிறதே, அதுபோல ஒரு படலத்தைப் புண்ணின் மேல் கட்டிக்கொண்டு உள்ளே பதுங்குகின்றன. அதற்குள் இருக்கும் கிருமிகளை மருந்து எளிதில் அழிக்க முடியாது.

இதை முதலில் கண்டுபிடித்தது புண்ணில் அல்ல, கடலில்! இருட்டில் ஒளி வீசும் கடல் கிருமிகள் உண்டு. 1970-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கென்னத் நீல்சன், உட்லண்ட் ஹேஸ்டிங்ஸ் முதலியோர் அவற்றைக் குடுவையில் வளர்த்து ஆராய்ந்தார்கள். கிருமிகள் குறைவாக இருந்தவரை வெளிச்சம் இல்லை. அடர்ந்து பெருகியதும் ஒளி வீசத் தொடங்கின. 1994-இல் விஞ்ஞானிகள் இந்த வழக்கத்துக்கு ஒரு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரிலும் நம் 'கோரம்' என்ற சொல்லே இருக்கிறது!

சரி, கிருமிகளின் இந்தப் பேச்சைக் கெடுத்துவிட்டால்? கூட்டமே நடக்காதல்லவா? இயற்கை அதையும் செய்து வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னி பக்கத்துக் கடலில் ஒரு சிவப்புக் கடற்பாசி உண்டு. மற்றப் பாசிகளின் மேல் கிருமிகள் அப்பிக்கொள்ளும்; இதன் மேல் அவ்வளவாக ஒட்டுவதில்லை. 1990-களில் அங்குள்ள விஞ்ஞானிகள் காரணத்தைக் கண்டார்கள். பாசியில் ஊறும் ஒரு பொருள் கிருமிகளின் பேச்சுப் பொருளைப் போலவே அமைந்திருக்கிறது. பூட்டில் போலிச் சாவியை நுழைத்த மாதிரி அது போய் இடத்தை அடைத்துக்கொள்கிறது. உண்மையான சேதி உள்ளே போக முடிவதில்லை.

இன்னொரு நன்மையும் உண்டு. கொல்லும் மருந்தில் தப்பிய கிருமி அந்த மருந்துக்கே அடங்காத கூட்டத்தைப் பெருக்கிவிடும். பேச்சைக் கெடுக்கும் பொருளோ கிருமியைக் கொல்வதில்லை. ஆகவே அப்படி அடங்காத கிருமிகள் கிளம்பும் வேகம் குறையலாம் என்பது விஞ்ஞானிகளின் நம்பிக்கை.

நம் அடுப்படியிலும் இந்தச் சரக்கு இருக்கிறது. ஆறாத புண்ணில் பச்சைச் சீழ் வைக்கும் சூடோமோனஸ் என்ற கிருமியின் பேச்சைப் பூண்டுச் சாறு ஆய்வுக்கூடத்தில் தடுத்திருக்கிறது. நம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் 2012-இல் கிராம்பையும், 2013-இல் மிளகையும் வெற்றிலையையும் சோதித்து, அவற்றிலும் இந்தக் குணத்தைக் கண்டார்கள்.

"அப்படின்னா பூண்டை அரைச்சுப் புண்ணுல வைக்கலாமா?" என்று கேட்பீர்கள். கூடவே கூடாது! பச்சைப் பூண்டு தோலைச் சுட்டுக் கொப்புளம் போட்டுவிடும். ஆய்வுக்கூடத்தில் ரசாயனம் கொண்டு பிரித்தெடுத்த சாறு வேறு, அம்மியில் அரைத்த விழுது வேறு. 2010-இல் இங்கிலாந்தில் நுரையீரலில் சூடோமோனஸ் தங்கிய 26 நோயாளிகளை வைத்து, 8 வாரம் பூண்டு மாத்திரையைச் சோதித்தார்கள். சொல்லும்படியான பலன் கிடைக்கவில்லை. வெற்றிலை நல்லது என்று பாக்கு, சுண்ணாம்போடு மெல்லுவதும் தவறு. பாக்கு வாய்ப்புற்றுக்குக் காரணமாவது உறுதியான உண்மை. பூண்டும் மிளகும் ரசத்தில் இருக்கட்டும், புண்ணுக்கு வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியது கிருமிகள் ஆள் சேர்ப்பதற்குள் முந்திக்கொள்வதுதான்:

1. காயம் பட்ட உடனே ஓடும் சுத்தமான தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் நன்றாகக் கழுவுங்கள். பழந்துணி வேண்டாம், சுத்தமான கட்டுப் போட்டுத் தினமும் மாற்றுங்கள்.

2. முள் ஆழமாகக் குத்தினாலோ மண் பட்டாலோ கிளினிக்குக்குப் போய், ரணஜன்னி ஊசி தேவையா என்று கேளுங்கள்.

3. வீக்கம், சூடு, சீழ், காய்ச்சல், மேலே ஏறும் சிவப்புக் கோடு இவற்றில் எது கண்டாலும் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

4. இனிப்புநீர் உள்ளவர்களுக்குக் காலில் வலி தெரியாமலே புண் வளரும். தினமும் இரவு பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.

5. டாக்டர் கொடுத்த கிருமி மருந்தைச் சொன்னபடி சாப்பிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் மிச்ச மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள்.

ஒரு நாள் சம்பளம் போகுமே என்று காயத்தை மறைத்து, பிறகு விரலையும் காலையும் பறிகொடுப்பது நமக்கு வேண்டாம். உழைக்கும் கைகால்தான் நம் சொத்து. கோரம் சேரும் முன்பே கிருமிகளின் கூட்டத்தைக் கலைத்துவிடுங்கள்!