ஆற்றைத் திருப்பியவனுக்குக் கூலி எங்கே?



கிரேக்கப் புராணம் என்றதும் வாளும் கேடயமும் போர்க்கப்பலும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் புராண ராஜாக்கள் பலருக்கு மந்தைதான் பெரிய சொத்து. எத்தனை மாடு வைத்திருக்கிறான் என்பதுதான் ராஜாவின் பெருமை! அப்படிப்பட்ட ஒரு ராஜாவின் கதையை, சிவில் பிரிவு மாணவனாகிய நான் என் பாடத்தோடு சேர்த்துப் பார்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். கிரேக்க நாட்டின் தெற்கே பெலோபொனீசஸ் என்ற தீபகற்பம். அதன் நடுவில் ஆர்கேடியா என்ற மலைநாடு. ஆடு மேய்ப்பவர்களின் பூமி. மேய்ப்பர்களின் தெய்வமான பான் அந்த ஊர்க்காரன்தான். அங்கே உற்பத்தியாகும் ஆல்பியஸ் ஆறு மேற்கே இறங்கி, எலிஸ் என்ற சமவெளி வழியாகக் கடலில் கலக்கிறது. அந்த எலிஸுக்கு ராஜா ஆஜியஸ்.

ஆஜியஸின் தொழுவத்தில் சாணம் அள்ள ஆளில்லை. மாடுகள் 3000, சுத்தம் செய்யாத காலம் 30 வருடம் என்று பிற்காலத்தில் கணக்குச் சொன்னார்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டுப் பயணி பாசனியஸ் வேறொன்று எழுதுகிறார்: சாணம் மூடியதால் நாட்டில் பெரும்பகுதி நிலம் உழவில்லாமல் கிடந்ததாம். பாருங்கள், வயலுக்கு உரமாக வேண்டியது வயலையே மூடிவிட்டது!

ஹெர்குலிஸ் வந்தான். ஒரே நாளில் சுத்தம் செய்கிறேன், மந்தையில் பத்தில் ஒரு பங்கு கூலி என்று பேசிக்கொண்டான். சாணக் கூடையை அவன் தொடவேயில்லை. அப்போலோடோரஸ் பெயரில் வழங்கும் புராணத் தொகுப்பின்படி, தொழுவத்தின் அடித்தளத்தை உடைத்து, ஆல்பியஸ், பெனியஸ் என்ற இரண்டு ஆறுகளையும் உள்ளே திருப்பிவிட்டான். நான் அசந்துபோன இடம் அடுத்ததுதான். தண்ணீரை விடுவதற்கு முன்பே அது வெளியேற மறுபக்கம் ஒரு வழி வெட்டிவிட்டான்! வரும் நீருக்குப் போக்கு இல்லாவிட்டால் தொழுவம் குளமாகியிருக்கும். வடிகால் பாடத்தின் முதல் விதியே இதுதானே?

வேலை முடிந்தது. கூலி? "ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யார் நான் யார்" என்ற கதையாகிவிட்டது. இது யூரிஸ்தியஸ் ராஜா உனக்கு இட்ட கட்டளை, நான் எதற்குக் கூலி தரவேண்டும் என்றான் ஆஜியஸ். அந்த யூரிஸ்தியஸோ, நீ கூலி பேசிச் செய்ததால் இது என் கணக்கில் சேராது என்றான். இரண்டு பக்கமும் கையை விரித்துவிட்டார்கள்!

பாசனியஸ் சொல்லும் காரணம் இன்னும் கொடுமை. உடம்பு நோகாமல் அறிவால் வேலையை முடித்தாய், அதனால் கூலி கிடையாது என்றானாம் ராஜா. ராஜாவின் மகன் பைலியஸ்தான் அப்பாவை எதிர்த்து நியாயம் பேசினான். அவனுக்குக் கிடைத்தது நாடுகடத்தல்.

ஹெர்குலிஸ் பிறகு படையோடு திரும்பி ஆஜியஸைக் கொன்றான். அந்த வெற்றிக்குப் பிறகே ஒலிம்பிக் போட்டியை அவன் தொடங்கினான் என்று பாடியிருக்கிறார் கவிஞர் பிண்டார். எலிஸில் உள்ள ஒலிம்பியாவின் சீயஸ் கோயிலில் கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் இந்தத் தொழுவ வேலையைக் கல்லில் செதுக்கி வைத்தார்கள். பக்கத்தில் அறிவுக்குத் தெய்வமான அதீனா நிற்கிறாள்.

நண்பர்களே, நாளை நாமும் வேலைக்குப் போவோம். நாலு நாள் வேலையை ஒரு நாளில் முடித்தால், "இதுல என்னப்பா கஷ்டம், சும்மா தானே முடிஞ்சுது" என்று சொல்லும் ஆஜியஸ்கள் எங்கும் இருப்பார்கள். யோசித்ததும் உழைப்புதான். படைதிரட்டிப் போக நாம் ஹெர்குலிஸ் இல்லை. பேசிய கூலியை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்வோம். பக்கத்தில் இருப்பவனுக்கு அநியாயம் நடந்தால், பைலியஸ் மாதிரி வாயைத் திறந்து சாட்சி சொல்வோம். சங்கம் என்பது அதற்குத்தானே!