மழுங்கிய கத்தியில்தான் ஆபத்து அதிகம்: சமையலறைக் கத்தியைப் பராமரிப்பது எப்படி?

கூர்மையான கத்தி கையை வெட்டிவிடும் என்ற அச்சத்தால் பல வீடுகளில் ஆண்டுக்கணக்கில் கத்திக்குச் சாணை பிடிப்பதில்லை. உண்மையில், மழுங்கிய கத்தியில்தான் ஆபத்து அதிகம். தக்காளித் தோலில்கூட இறங்காத கத்தியைக் கூடுதல் விசையுடன் அழுத்த வேண்டியுள்ளது. அப்போது அது வழுக்கினால், அந்த விசை முழுவதும் காயைப் பிடித்திருக்கும் விரலின் மீதே இறங்கும்.

கத்தி மழுங்குவதற்குக் காய்களை மட்டும் குறை கூற முடியாது. கிரானைட் மேடை மீதோ எவர்சில்வர் தட்டிலோ வைத்து நறுக்கும் வழக்கம் நாடு முழுவதும் காணப்படுகிறது. கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ், கத்தியின் எஃகை விடக் கடினமானது. ஒவ்வொரு வெட்டிலும் கூர் தேயும். மரப் பலகையே ஏற்றது. கரண்டிகளோடு ஒரே இழுப்பறையில் போடப்படும் கத்தியும் உரசி மழுங்கும். பார்க்காமல் கைவிடுபவரின் விரலையும் பதம் பார்க்கும்.

சுவரில் பொருத்தும் காந்தப் பட்டை, மரத்தாலான கத்தித் தாங்கி ஆகியவை பாதுகாப்பானவை. இவை இல்லாவிட்டால், தடித்த அட்டையை மடித்து உறை செய்தாலே போதும். குழந்தைகளுக்கு எட்டாத இடம் அவசியம். வங்காளத்தின் 'பொண்டி', மகாராஷ்டிரத்தின் 'விளி', தமிழகத்தின் அரிவாள்மணை ஆகியவற்றில் அலகு நிமிர்ந்தே நிற்பதால், வேலை முடிந்ததும் அவற்றைப் படுக்க வைத்து ஓரமாக ஒதுக்க வேண்டும்.

துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை அப்படியே நம்பிவிடவும் கூடாது. குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருப்பதால் அது துருவை எதிர்க்கிறது. ஆனால் உப்பும் ஈரமும் நீண்ட நேரம் தங்கினால் அதிலும் புள்ளி புள்ளியாக அரிப்பு ஏற்படும். மும்பை, கொச்சி, சென்னை போன்ற கடலோர நகரங்களில், குறிப்பாக மழைக்காலத்தில், இது கவனிக்கத்தக்கது. எலுமிச்சை, புளி பட்ட கத்தியை உடனே கழுவித் துடைத்து உலர்த்த வேண்டும். சோப்பு நீர் நிரம்பிய தொட்டியில் கத்தியைப் போட்டுவைப்பது, பாத்திரம் கழுவ வருபவருக்குக் கண்ணி வைப்பதற்குச் சமம்.

சாணைக்கல்லை நனைத்து, 15 முதல் 20 டிகிரி சாய்வில் இரு பக்கமும் சீராகத் தீட்டலாம். கத்தியுடன் விற்கப்படும் எஃகுக் கோல் வளைந்த விளிம்பை நேராக்குமே தவிர, தேய்ந்த கூரை மீட்காது. தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால், அடிக்கடி நீரில் தோய்த்துத் தீட்டச் சொல்வது நல்லது. உராய்வுச் சூட்டில் விளிம்பு நீலநிறமானால் எஃகின் பதம் கெட்டுவிட்டது என்று பொருள்.

கை நழுவிய கத்தியைப் பிடிக்க முயலாமல் விலகிக்கொள்ள வேண்டும். விரலில் வெட்டுப்பட்டால் ஓடும் நீரில் கழுவி, சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். மஞ்சள் தூளோ காபித் தூளோ அப்புவது காயத்தில் அழுக்கைச் சேர்க்கும். விரலை மடக்க இயலாமலோ நுனி மரத்தோ போனால், தசைநாணோ நரம்போ வெட்டுப்பட்டிருக்கலாம் என்பதால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ரணஜன்னிக் கிருமி மண்ணிலும் தூசியிலும் இருப்பது. ஆகவே துருவே இல்லாத கத்தி வெட்டினாலும், தடுப்பூசி தேவையா என்று மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.