இங்கிலாந்தில் ஓட்டு விலை போன காலம்

சாலிஸ்பரி நகருக்கு அருகே ஓல்டு சாரம் என்றொரு மேடு இருக்கிறது. ஜனங்கள் குடிபெயர்ந்து போய்ப் பல நூற்றாண்டு ஆன பின்னும், 1832 வரை அந்த மேட்டின் பேரில் இரண்டு பேர் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆலைகளும் ஆட்களும் பெருகிக்கொண்டிருந்த மான்செஸ்டருக்கோ ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது. ஓல்டு சாரம் போன்ற தொகுதிகளில் நிலத்தை வாங்கியவன் கைக்கு நாடாளுமன்ற இடமும் வந்து சேர்ந்தது.

அந்தச் சந்தையில் நம் மண்ணின் பணமும் புரண்டது. கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியராகச் சென்னைக்கு வந்த பால் பென்ஃபீல்டு, ஆற்காடு நவாப் முகம்மது அலிக்கு வட்டிக்குக் கொடுத்துச் செல்வந்தரானவர். கடனுக்கு ஈடாகத் தஞ்சை விளைச்சலின் மீதே உரிமை கோரியவர். 1780இல் அவர் கிரிக்லேடு தொகுதியின் உறுப்பினரானார். அவரையும் சேர்த்து எட்டுப் பேரை அவர் பணமே நாடாளுமன்றத்துக்குள் கொண்டுவந்தது என்று 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் அவையிலேயே குற்றம் சாட்டினார். காவிரிக் கரைக் குடியானவனின் உழைப்பு, அவன் கண்டறியாத ஊரில் ஓட்டாக மாறியதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கொதிக்கிறது.

ஆள் இருந்த தொகுதிகளிலும் நிலைமை மேலாக இல்லை. வாக்காளர் மேடை ஏறி, ஊரார் முன்னிலையில், தன் ஓட்டு யாருக்கு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுத்தர் அதைப் பேரேட்டில் பதிவார். பல ஊர்களில் அந்தப் பட்டியலை அச்சடித்தே விற்றார்கள். காசு கொடுத்தவன் சரக்கு வந்து சேர்ந்ததா என்று பார்த்துக்கொண்டான். பண்ணையார் தன் குத்தகைக்காரன் எந்தப் பக்கம் நின்றான் என்று தெரிந்துகொண்டார். வேட்பாளர் செலவில் விடுதிகளில் பீர் ஓடியது.

1832 சீர்திருத்தச் சட்டம் ஓல்டு சாரம் உட்பட 56 சிறு தொகுதிகளை ஒழித்தது. ஓட்டுச் சந்தை மட்டும் தொடர்ந்தது. 1872இல்தான் ரகசிய வாக்கெடுப்பு வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் தேதி பான்டிஃபிராக்ட் இடைத்தேர்தலில் அது முதன்முறை நடந்தபோது, ஓட்டுப் பெட்டிக்கு அரக்கு வைக்க அவ்வூர் அதிமதுர மிட்டாயின் முத்திரையைப் பயன்படுத்தினார்கள். அரக்கின் தடத்தோடு அந்தப் பெட்டி இன்றும் அவ்வூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ரகசியம் மட்டும் போதவில்லை. 1880இல் சாண்ட்விச் தொகுதியில் விசாரணை நடந்தபோது, இரண்டு கட்சியிடமும் காசு வாங்கியவர்கள் அகப்பட்டார்கள். 1883 சட்டம்தான் வேரில் கை வைத்தது. தொகுதிக்கு இவ்வளவுதான் செலவு என்று வரம்பு கட்டியது. செலவெல்லாம் பொறுப்பான ஒரு முகவர் வழியாகப் போக வேண்டும், கணக்கை ஒப்படைக்க வேண்டும், கையூட்டு கொடுத்தால் சிறை என்றானது. அடுத்த பொதுத்தேர்தலிலேயே செலவு சரிந்தது.

இன்று அங்கே திரைமறைவில் பென்சிலால் ஒரு குறி போட்டுவிட்டு வருகிறார்கள். ஓட்டுக்காக விருந்து வைப்பது இன்றும் குற்றம். லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் பகுதியில் 2014இல் நடந்த மேயர் தேர்தலை மறு ஆண்டு நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்ததற்கான காரணங்களில் கையூட்டும் இருந்தது. வழக்குத் தொடுத்தவர்கள் நான்கு சாதாரண வாக்காளர்கள்.

ஆனால் பணம் வேறு வாசல் தேடியது. பட்டங்களை விற்பதைத் தடுக்க 1925இல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. 2009இல் நாடாளுமன்ற உறுப்பினர்களின் செலவுக் கணக்குகள் வெளியானபோது, ஓர் உறுப்பினர் வீட்டு அகழியைத் தூர்வாரிய செலவுகூட அதில் இருந்தது. பொய்க் கணக்குக் காட்டிய சிலர் சிறை சென்றனர். படிகளைக் கவனிக்கத் தனி ஆணையம் வந்தது.

முந்நூறு ஆண்டுக் கதையில் நான் படிக்கும் பாடம் இதுதான்: வாக்காளரின் ஓட்டு மறைவாகவும் வேட்பாளரின் கணக்கு வெளிச்சத்திலும் இருக்க வேண்டும். அன்றைய இங்கிலாந்தில் இது தலைகீழாக இருந்தது. அதனால் ஓட்டு விலை போனது. அதை நிமிர்த்தி வைத்த பிறகுதான் ஏழையின் ஓட்டு ஏழைக்குச் சொந்தமானது. கட்சிகளுக்கு வரும் நன்கொடை விஷயத்தில் அந்த வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.